பத்தில் முடியும் வயது

போன மாதம் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் வீடு வீடாக வந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று விசாரித்துக்கொண்டு போனாள். என் அம்மாவிடம் வயதைக் கேட்டாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா யோசிக்காமல், “அறுபது” என்றாள். உள்ளே கம்ப்யூட்டரில் ஒரு முந்தானை டிசைனைச் சரிசெய்துகொண்டிருந்த நான் தலையைத் தூக்காமல், “அப்படியா?” என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “மாடில இருந்தவங்க காலி பண்ணிகினு போயி எத்தினி வருசமாச்சு. அந்த ஒரு வார்த்தைய மட்டும் உங்கிட்ட வுட்டுட்டுப் போயிட்டாங்க பாரு” என்றாள்.

அது என் வார்த்தை இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆரணியில் எங்கள் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த டீச்சருடைய வார்த்தை அது. அரசுப் பள்ளியில் மேல் வகுப்புகளுக்குப் புவியியல் எடுத்தார். சந்தவாசல் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். தனி ஆள். ஒல்லியாக, உயரமாக இருப்பார். கைகள் அந்த உயரத்துக்கும் கொஞ்சம் அதிக நீளம். மொட்டைமாடிக் கொடியில் துணி போட எங்கள் வீட்டில் எல்லாரும் எக்க வேண்டும், அவர் மட்டும் சாதாரணமாக நின்று போட்டுவிடுவார். யாரைப் பார்த்தாலும் இரண்டாவது பேச்சு வயதைப் பற்றித்தான். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கோயில் குருக்கள், ஆட்டோக்காரர், ஒருவரும் தப்ப முடியாது. அவர்கள் சொன்னதும், “அப்படியா?” என்பார்.

அந்த ‘அப்படியா’வில் ஆச்சரியம் கிடையாது. குரல் ஏறாது, புருவம் உயராது. முகத்தைப் பார்க்கமாட்டார். முதலில் கழுத்தைப் பார்ப்பார், பிறகு புறங்கையை. முகத்துக்குப் பவுடர் போடலாம், தலைக்கு மை அடிக்கலாம், புறங்கைக்கு யார் என்ன செய்துவிட முடியும்? பார்த்து முடித்ததும் பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவார். வயதைச் சொன்னவருக்குத்தான் அன்று முழுக்க மனசு உறுத்திக்கொண்டே இருக்கும்.

தெருவில் அவரைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்றார்கள். மறைமுகமாகக் கல்யாணத் தரகு பார்க்கிறார் என்றார்கள். முதியோர் பென்ஷனை நிறுத்துவதற்காக அரசாங்கமே ஆள் வைத்து நோட்டம் பார்க்கிறது என்று எதிர்வீட்டில் அடித்துச் சொன்னார்கள். எதற்காக ஒரு பெண்மணி ஊரார் வயதைத் தோண்டிக்கொண்டு திரிய வேண்டும்? சும்மா கேட்கிறார் என்று நம்ப எங்கள் தெருவில் ஒருவரும் தயாராக இல்லை. நானும்தான்.

எங்கள் வீட்டுக்கு அவரைக் கண்டு பயப்படச் சொந்தக் காரணமும் இருந்தது. அது என் வயது. அப்போது எனக்கு இருபத்தொன்பது. பக்கத்துச் சேவூரில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு ரிப்பேர் செய்கிற ஒருவரை எனக்குப் பிடித்திருந்தது. ஜக்கார்டு என்பது தறிக்கு மேலே உட்கார்ந்து டிசைனை எடுத்துக்கொடுக்கிற கருவி. நான் கம்ப்யூட்டரில் வரைகிற டிசைனைச் சேவூர்க்காரர் பென்டிரைவில் வாங்கிப் போய்த் தறியில் ஏற்றுவார். பென்டிரைவ் திருப்பிக் கொடுக்க வருகிற சாக்கிலேயே பழக்கம் வளர்ந்தது. அவருக்கு இருபத்தெட்டு. நான் பெரியவள் என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அவருடைய அம்மாவுக்குத்தான் தெரியக்கூடாது. கணவர் போன பிறகு தனியாகத் தறியில் உட்கார்ந்து மகனை ஆளாக்கியவர். பெண் ஒரு நாள் பெரியவளாக இருந்தாலும் அந்த அம்மா எங்கள் வாசல்படி மிதிக்கமாட்டார் என்று மகனே சொல்லியிருந்தார்.

அதனால் எனக்கு இருபத்தாறு என்று அம்மா முடிவு செய்தாள். வீட்டில் எல்லாருக்கும் பாடம் எடுத்தாள். என் ஆதார் கார்டு பீரோவுக்குள் போனது. மாடியில் இருக்கிறவரை என்ன செய்வது என்பதுதான் புரியவில்லை. ஒருநாள் காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் என்னையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய், “இவளுக்கும் இருபத்தாறு ஆயிடுச்சு டீச்சர், ஜல்தியா ஒரு எடம் பாக்கணும்” என்று போட்டுப்பார்த்தாள். டீச்சர் என் கழுத்தைப் பார்த்தார். புறங்கையைப் பார்த்தார். “அப்படியா?” என்றார். அன்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் குடிவந்த புதிதில் அப்பாவுக்கு இருந்த சந்தேகம் இதைவிடப் பெரியது. டீச்சர் டிசைன் திருடுகிறார் என்பது அப்பாவின் முடிவு. எங்கள் ஊரில் இது சாதாரண பயம்தான். புதுப் புடவைக் கரை ஒன்று தறியில் ஏறி முதல் புடவையை அறுத்து எடுப்பதற்குள் அடுத்த தெருவில் அதே கரை ஓடும். சொந்தக்காரர் வந்தால்கூட அப்பா தறி மேல் துண்டைப் போட்டு மூடுவார். அப்படிப்பட்டவர், தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடிக்குப் போனபோது, திறந்திருந்த கதவு வழியாக டீச்சர் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டார். சுவர் முழுக்க கிராஃப் பேப்பர். கட்டம் கட்டமாகப் பென்சிலில் வரைந்து ஒட்டியிருந்தது. ஆரணியில் கிராஃப் பேப்பர் வாங்குகிறவர் புடவைக் கரை போடத்தான் வாங்குவார். அதற்கு வேறு உபயோகம் இருப்பதாக அப்பா கேள்விப்பட்டதில்லை.

மறுநாளே மாடியேறினார். நானும் பின்னாலேயே போனேன்.

“இன்னா டீச்சரம்மா, எந்தப் பார்ட்டிக்குப் போட்டுகினு இருக்கீங்க?”

“பார்ட்டியா?”

“இந்தக் கரைதான். கோபுரக் கரை மாதிரி கீது, ஆனா மேல வீங்கிப் போயிருக்குதே. யாரு கேட்டாங்க?”

டீச்சர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். “அது கரை இல்லீங்க. அது ஜப்பான்” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். ஜப்பான்காரன்கூட உள்ளே வந்துவிட்டான் என்று அவர் முகம் சொன்னது.

டீச்சர் பொறுமையாக விளக்கினார். ஒரு நாட்டில் எந்த வயதில் எத்தனை பேர் என்பதுதான் படம். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கோடு. கீழே கைக்குழந்தைகள், மேலே போகப் போகக் கிழவர்கள். நடுக்கோட்டுக்கு இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் படம் கீழே அகலமாக, மேலே ஊசியாக, நாங்கள் போடும் கோபுரக் கரையேதான். ஜப்பான் மேலே பருத்து, கீழே சிறுத்து, பம்பரம் மாதிரி நின்றது. “இங்க பாப்பாங்க நெறைய, அங்க கெழவங்க நெறைய. ஒரு நாட்டப் பத்தி இன்னொருத்தன் சொல்றத நான் நம்பமாட்டேன். வயசைப் போட்டுப் பாத்தா அதுவே சொல்லிடும்” என்றார்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கீழே வந்து, “படிச்சவங்க. நல்லாவே சமாளிக்கறாங்க” என்றார். அதற்குப் பிறகு தறி மேல் இரண்டு துண்டு போட்டு மூடினார்.

நான் வேவு பார்க்கத்தான் அடிக்கடி மாடிக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் புது டிசைன் ஏதாவது அந்தச் சுவரில் ஏறுகிறதா என்று பார்த்துவரச் சொல்லி அப்பா அனுப்புவார். டீச்சர் எனக்கும் டீ போட்டுக் கொடுத்து, படங்களைக் காட்டுவார். கத்தாரின் படம் வேடிக்கையாக இருந்தது. பெண்கள் பக்கம் மெலிந்து கிடக்க, ஆண்கள் பக்கம் நடுவில் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

“உன் தம்பி எங்க இருக்கறான்?” என்றார்.

“கத்தார்ல. ஏசி மெக்கானிக்.”

“வயசு?”

சொன்னேன். என்னைவிட இரண்டு வயது சின்னவன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வழக்கமான ‘அப்படியா’வுக்குப் பிறகு, அந்தப் புடைப்பில் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். “இதோ, இங்க இருக்கறான். இந்த வயித்துல இருக்கறவங்க பத்துல ஒம்பது பேரு அந்த ஊர்ல பொறந்தவங்க இல்ல. சம்பாரிக்க வந்தவங்க.”

நான் இதைக் கீழே போய்ச் சொன்னதுதான் தப்பு. டீச்சரைக் கண்டாலே வேர்க்கிற அம்மா அன்று சாயங்காலமே மாடியேறி, “எங்க, என் பையன் எங்க?” என்று கேட்டு, அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவன் போன் பண்ணாத வாரங்களில் எல்லாம் ஏதாவது ஒரு கிண்ணத்தில் குழம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். போய் அந்தப் படத்தின் எதிரில் நிற்பாள். வரும்போது மட்டும், “அந்தம்மா கண்ணு சரியில்லடி. வயசத் துருவற கண்ணு” என்பாள்.

ஜப்பான் படத்தில் ஓர் இடத்தில் பல் விழுந்தது போல ஒரு பள்ளம் இருந்தது. அது என்ன என்று அம்மாதான் கேட்டாள். அந்த ஊரில் அறுபது வருடத்துக்கு ஒருமுறை நெருப்புக் குதிரை வருஷம் என்று ஒன்று வருமாம். அந்த வருஷம் பிறக்கிற பெண் புருஷனுக்கு ஆகாது என்று பயந்து, நாலில் ஒருவர் பிள்ளையே பெற்றுக்கொள்ளாமல் தள்ளிப்போட்டுவிட்டார்களாம். “ஒரு பயம் இருந்தா அது படத்துல பள்ளமாத் தெரியும்” என்றார் டீச்சர். “அங்கயும் மூல நட்சத்திரம் இருக்குதா?” என்று அம்மா ஆறுதலோடு கேட்டாள். கம்ப்யூட்டர் செய்கிற ஜப்பான்காரனே பயப்படும்போது, நாம் பயப்பட்டால் என்ன என்பது அவளுடைய நியாயம்.

நம் நாட்டின் படம்தான் பார்க்க அசிங்கமாக இருந்தது. மற்ற நாடுகளின் ஓரம் வழவழப்பாக இறங்க, நம்முடையது பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தது. பாதிப் பல் உடைந்த சீப்பு. கரையாகப் போட்டால் ஒரு வியாபாரியும் வாங்கமாட்டான்.

“ஏன் டீச்சர் நமக்கு மட்டும் இப்படி?”

“முப்பது, முப்பத்தஞ்சு, நாப்பது, அம்பது. நீட்டிகினு இருக்கறதெல்லாம் இதுதான். கேட்டா வாயில வர்ற வயசு. முப்பத்தொம்பது, நாப்பத்தொண்ணு எல்லாம் எங்க போனாங்க, செத்தா போனாங்க? பத்துல முடியற வயச நான் நம்பவே மாட்டேன். அஞ்சுல முடியறத பாதி நம்புவேன்.”

அவர் இதைச் சொன்னபோது அந்தப் பற்களின் மேல் விரலை ஒவ்வொன்றாக ஓட்டினார். பொய்க்காரர்களைப் பிடித்து எண்ணுகிற போலீஸ்காரர் மாதிரி எனக்குத் தோன்றியது. அதில் நான் முழுத் தப்பு செய்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

தெருக்கோடி சாயப்பட்டறைக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, டீச்சர் தன்னைத் தெருவே ஒதுக்கிவைக்கிற காரியம் ஒன்றைச் செய்தார். மாலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக் கிழவரிடம் நேராகப் போய், “ஜாதகம் பாத்து அறுபதா, சர்ட்டிபிகேட் பாத்து அறுபதா?” என்று கேட்டார். ஜாதகம் ஆற்று வெள்ளத்தில் போய்விட்டது, பள்ளிச் சான்றிதழைப் பார்த்துத்தான் நாள் குறித்தோம் என்றார் அவர். “ஸ்கூல்ல சேக்கும்போது காதைத் தொடச் சொன்னாங்களா?” என்றார் டீச்சர்.

அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொள்வார்கள். பிறந்த நாளை வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒன்று போட்டுக்கொள்வார். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே மாலையோடு கையைத் தூக்கிக் காதைத் தொட்டுக் காட்டினார். காதைத் தாண்டித் தாடை வரை வந்தது. “கை நீளம். அப்ப ஒண்ணு ரெண்டு வருசம் முன்னாடியே சேத்திருப்பாங்க” என்று சொல்லிவிட்டு டீச்சர் பந்திக்குப் போய்விட்டார்.

“அப்ப ரெண்டு வருசம் கழிச்சு மறுபடியும் பண்ணணுமா?” என்று அந்த வீட்டம்மா புரோகிதரைப் பிடித்துக்கொண்டார். ஒரே பேஜார். எப்படியோ தாலி கட்டி முடித்தார்கள். அதற்கப்புறம் தெருவில் எந்த விசேஷத்துக்கும் மாடி வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. ஆனால் டீச்சருடைய பேர் சேவூர் வரைக்கும் போய்விட்டது.

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வேன் பிடித்துப் போனோம். டீச்சரும் வந்தார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் ஒவ்வொருவரிடமும் பெயர், நட்சத்திரம் கேட்டுக்கொண்டு வந்தார். டீச்சர் முறை வந்தபோது, “அம்மன் பேருக்கே பண்ணிடுங்க” என்றார். அம்மா என் இடுப்பில் இடித்தாள். “பாத்தியா. ஊரு வயசையெல்லாம் நோண்டறாங்க, தன் நட்சத்திரத்த மட்டும் மறைக்கறாங்க. ஏதோ இருக்குது.” எனக்கும் ஏதோ இருக்கிறது என்றுதான் பட்டது. மூன்று ஆடிக்கும் அவர் அம்மன் பெயருக்கே செய்தார். மூன்று ஆடிக்கும் அம்மா என்னை இடித்தாள்.

சேவூர் அம்மா மகனோடு என்னைப் பெண் பார்க்க வந்தது ஒரு தை மாதம். எல்லாம் நன்றாகத்தான் போனது. பஜ்ஜி நன்றாக வந்தது. என் டிசைன்களைப் பார்த்து அந்த அம்மா தலையாட்டினார். அவரும் தறிக்காரர் என்பதால் பேச்சு தறிப் பக்கம் போனது. அங்கேதான் எங்கள் அம்மா கவிழ்ந்தாள். பெருமை பேச ஆரம்பித்தால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது.

“இவ பொறக்கற அன்னிக்குக்கூட நான் தறியிலதான் உக்காந்துகினு இருந்தேன். காலைல வலி கண்டுச்சு. முந்தானை முடிச்சுட்டுத்தான் எழுந்தேன். நல்லா ஞாபகம் கீது, ரெட்டைக் குதிரைக் கரை.”

சேவூர் அம்மா கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். “எது, தவளைக் கரையா?”

ரெட்டைக் குதிரைக் கரையைப் பற்றி எங்கள் ஊரில் சொல்ல வேண்டியதே இல்லை. இரண்டு குதிரைகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்பதாக யாரோ போட்ட டிசைன். கிட்டத்தில் குதிரை, தள்ளி நின்று பார்த்தால் தவளை. ஒரே ஒரு தீபாவளிக்கு ஓடியது. கடைக்காரர்கள் புடவைகளை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வருஷத்தை எந்தத் தறிக்காரரும் மறக்கவில்லை. பிறந்த தேதியை மூடி மறைத்த அம்மா, அதைவிடப் பெரிய தேதியைத் தானே எடுத்து நடுக் கூடத்தில் வைத்துவிட்டாள்.

“எங்க வூட்லயும் அதுதான் ஓடிச்சு” என்றார் சேவூர் அம்மா, மெதுவாக. “அப்ப என் பையன் வயித்துலகூட இல்லியே.”

சேவூர்க்காரர் தரையைப் பார்த்தார். அப்பா இல்லாத தூசியைத் துண்டால் தட்டினார். சேவூர் அம்மா எழுந்தார். “மாடில ஒரு டீச்சர் இருக்காங்களாமே. யார் வயசையும் தப்பா சொல்லமாட்டாங்களாமே. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்” என்று படியேறினார். அம்மா காபித் தட்டை என் கையில் திணித்து, “ஓடு, கூடவே போ” என்றாள்.

டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு எல்லார் வயசும் தெரியும்னு சொல்றாங்க” என்றார் சேவூர் அம்மா.

“தெரியாதுங்க. சந்தேகப்படத்தான் தெரியும். உங்களுக்கு இன்னா வயசு?”

“அம்பத்தஞ்சு.”

“அப்படியா?”

சேவூர் அம்மா தலைப்பை இழுத்துப் புறங்கையை மூடிக்கொண்டார். “என்னுது இருக்கட்டும். இந்தப் பொண்ணுக்கு இன்னா வயசு?”

நான் டீச்சரையே பார்த்தேன். ஒரு பொய்தான். அதுவும் எங்கள் பொய். அவர் திருப்பிச் சொன்னால் போதும், பாவம் எல்லாம் எங்களுக்கு. கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“இருபத்தொம்பது” என்றார்.

அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்த அளவுக்கு வேறு யாரையும் வெறுத்ததில்லை. இதற்குத்தான் இந்த அம்மா வந்து குடியிருந்தார், இதற்குத்தான் டீ போட்டுக் கொடுத்தார் என்று தோன்றியது.

“அப்ப என் பையனவிடப் பெரியவ.”

“எத்தினி வருசம்?”

“ஒரு வருசம். பத்தாதா?”

டீச்சர் பேனாவை மூடினார். எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். “கொஞ்சம் இங்க வாங்க. இந்தப் பக்கம் ஆம்பளைங்க, இந்தப் பக்கம் பொம்பளைங்க. இந்தக் கோடு சின்ன வயசு. மேல போகப் போகப் பாருங்க.”

சேவூர் அம்மா வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தார். கரை பார்த்துப் பழகிய கண் என்பதால் உடனே பிடிபட்டது. “மேல இந்தப் பக்கம் நீட்டிகினு இருக்குது. இது இன்னா ஊரு?”

“ஜப்பான். இது சுவீடன். இது நம்ம நாடு. எல்லாத்துலயும் பாருங்க. உச்சில பொம்பளைங்கதான் நிக்கறாங்க. ஆம்பளைங்க முன்னாடி போயிடறாங்க. அதோட, நாம பெரியவனாப் பாத்துக் கட்டிக்கறோம். ரெண்டும் சேந்து, கடசில இத்தினி பேரு தனியா நிக்கறாங்க.”

“இவங்கெல்லாம் புருசன் இல்லாதவங்களா?”

“எல்லாரும் இல்ல. நெறைய பேரு.”

“ஜப்பான்லயும்?”

“ஜப்பான்லயும். உங்க வூட்டுக்காரர் உங்களவிட எத்தினி பெரியவர்?”

சேவூர் அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “பன்னெண்டு.”

“இவ ஒரு வருசம் பெரியவ. தனியா நிக்கற காலத்துல அவளுக்கு ஒரு வருசம் கொறயும். அவ்ளோதான் நான் பாக்கற கணக்கு. மத்தது உங்க இஷ்டம்.”

அந்த அம்மா படத்துக்கு இன்னும் கிட்டே போனார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பல் பல்லான படத்தைப் பார்த்தார். “இதுல நான் எங்க இருக்கேன்?”

“வயசு சொன்னாத்தான் காட்ட முடியும்.”

“அம்பத்தொம்பது.”

“அப்படியா?”

“இந்தத் தடவை நெசம்” என்றார் சேவூர் அம்மா.

அறுபதின் நீளமான பல்லுக்குக் கீழே, ஒடுங்கிக் கிடந்த சின்னக் கோடு ஒன்றின் மேல் டீச்சர் விரலை வைத்தார். சேவூர் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவர் இருந்திருந்தா எங்க இருப்பார்?” என்று கேட்டார். டீச்சரின் விரல் நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் போய், மேலே ஏறி, ஓர் இடத்தில் நின்றது. அந்த அம்மா தன் விரலையும் அங்கே வைத்தார். காபி ஆறிப்போனது. நான் அப்படியே நின்றேன்.

கீழே வந்ததும் அவர் எங்கள் அம்மாவிடம், “தவளைக் கரைல உங்களுக்கு எத்தினி புடவை திரும்பி வந்துச்சு?” என்று கேட்டார்.

“எல்லாமேதான்” என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

“எங்களுக்கும் எல்லாமேதான். தட்டு மாத்திக்கலாம். இனிமே யாரு கேட்டாலும் இருபத்தொம்பதுன்னே சொல்லுங்க. உங்களுக்கெல்லாம் எதுக்குப் பொய், சுத்தமா வரமாட்டேங்குது.”

கல்யாணத்துக்குத் தெரு முழுக்க வந்தது. முதல் பத்திரிகை மாடிக்குத்தான் போனது. அதற்கடுத்த வருடம் டீச்சருக்குத் தெற்கே எங்கேயோ மாற்றல் வந்தது. சாமான் கட்டுகிற அன்று சேவூரிலிருந்து நானும் வந்திருந்தேன். அம்மா ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்துவிட்டு, “படவேட்டுல உங்க பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும் டீச்சர். இப்பவாவது நட்சத்திரத்தச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல” என்றாள்.

“அம்மன் பேருக்கே பண்ணிடுங்கக்கா.”

ஊரில் ஒருவர் விடாமல் வயது கேட்டவரை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “உங்களுக்கு இன்னா வயசு டீச்சர்?” என்றேன்.

“நாப்பத்தஞ்சு.”

“அப்படியா?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு, அந்த நீளமான வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டார். விரல்கள் காதைத் தாண்டிக் கழுத்து வரை வந்தன. “எட்டிடுச்சு, சேத்துக்கினாங்க. ஜூன்ல ஒரு தேதி போட்டாங்க. என்னைப் பெத்த வாரமே எங்கம்மா போயிட்டாங்க. எங்கப்பாவக் கேட்டா நாத்து வுடற காலம்னாரு. எங்கத்தையக் கேட்டா அறுப்புக் காலம்னாங்க. எந்த வருசம்னு ரெண்டு பேருக்கும் தெரியல. எதை நம்பறது?”

சுருட்டி வைத்திருந்த படங்களில் நம் நாட்டுப் படத்தை எடுத்து விரித்தார். “இந்தப் பல்லுங்க இருக்குதே, அதுல ஒண்ணுல நானும் இருக்கேன். பொய் சொல்றவங்கன்னு நெனச்சே இல்ல நீ? இவங்கெல்லாம் பொறந்த நாள ஞாபகம் வெச்சிக்க ஆள் இல்லாதவங்க. உங்கம்மா தவளைக் கரையச் சொன்னத நீ வந்து சொன்னப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சு.”

இத்தனை வருடமும் எங்களிடம் எதை ஒளிக்கிறார் என்று நாங்கள் வேவு பார்த்தோமோ, அது அவருக்கே கிடைக்காத ஒன்று. அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னிக்கு நட்சத்திரம் இன்னான்னு காலண்டர்ல பாருடி. அதையே சொல்லிப் பண்ணிடறேன்” என்றாள்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்தே டீச்சருக்குப் போன் போட்டேன். “பொண்ணு டீச்சர்” என்றேன்.

“மணி பாத்தீங்களா?” அதுதான் அவர் முதலில் கேட்டது.

“பாத்தாங்க. காலைல பத்து மணி, பதினேழு நிமிசம்.”

“யார் பாத்தது?”

“எங்கம்மா. அப்புறம் சேவூர் அத்தை. ரெண்டு பேரும்.”

கட்டில் பக்கத்தில் நின்ற அம்மா, “தறியில அன்னப்பட்சிக் கரை ஓடிகினு இருந்துச்சுன்னு சொல்லு. வெளிய தூறல் போட்டுச்சுன்னு சொல்லு” என்று கத்தினாள். சொன்னேன்.

பிறகு நான் அந்த ‘அப்படியா’வுக்காகக் காத்திருந்தேன். அந்தப் பக்கம், “பத்து பதினேழு, அன்னப்பட்சி, தூறல்” என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவது கேட்டது.

“சரிம்மா” என்றார் டீச்சர்.